படிக்கப் போன பிள்ளைக்கு மலையில் என்ன வேலை?

வெளிநாட்டுக்குப் பிள்ளையைப் படிக்க அனுப்பிய பெற்றோர் நம் தோட்டங்களில் அதிகம் இல்லை. அனுப்பியவர்களுக்கோ கவலை அதிகம். கடன் ஒரு பக்கம், தூரம் ஒரு பக்கம். இதற்கிடையில் கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுகிறது. மகள் மலை உச்சியில் நிற்கிறாள். தலையில் கம்பளித் தொப்பி, பின்னால் மேகம், முகத்தில் சிரிப்பு. அந்தப் படத்தைப் பார்த்துப் பெருமைப்படும் தாயும் உண்டு, “இதற்கா அனுப்பினோம்?” என்று கலங்கும் தாயும் உண்டு. கலங்கும் தாய்மார்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இப்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பொறியியல் படிக்கிறாள். தாய் கெடாவில் ரப்பர் மரம் வெட்டுபவர். தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். முதல் இரண்டு ஆண்டுகளை உள்நாட்டிலேயே முடித்து, மீதிப் படிப்புக்கு அங்கே போயிருக்கிறாள். தாயின் இ.பி.எப். சேமிப்பில் ஒரு பகுதி, ஒரு கல்விக்கடன், உறவினர் கொடுத்த கைம்மாற்று என்று பணம் சேர்ந்த கதை நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான். பெயர் வேண்டாம் டீச்சர் என்று அவள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அவள் எழுதிய கடிதங்களும் (இந்தக் காலத்தில் கடிதம் என்றால் வாட்ஸ்அப்தான்), நான் துருவித் துருவிக் கேட்டதும் சேர்ந்ததே இக்கட்டுரை.

திங்கள் முதல் வெள்ளி வரை

ஆறு மாணவர்களுக்கு ஒரே அடுக்களை. ஒரு நாள் காய்ந்த மிளகாயும் கடுகும் தாளித்தாளாம். கூரையில் இருந்த புகை மணி அலறி, கட்டடமே வெளியே வந்து குளிரில் நின்றதாம். அன்று முதல் தாளிப்பதற்கு முன் சன்னலைத் திறந்து, கதவை அடைத்து, பிறகுதான் சட்டியை அடுப்பில் வைக்கிறாள். ஞாயிறு மாலை பருப்பும் கோழிக்கறியும் சமைத்து, டப்பாக்களில் பிரித்து வைத்தால் வியாழன் வரை ஓடும். தெற்காசியக் கடைகள் கிளாஸ்கோவில் நிறைய இருப்பதால் அரிசிக்கும் மசாலைக்கும் குறையில்லை.

காலை ஒன்பது மணிக்கு விரிவுரை. பிறகு ஆய்வுக்கூடம், பிறகு நூலகம். வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஒரு பேரங்காடியில் சாமான் அடுக்கும் வேலை. மாணவர் விசாவில் போனவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். மருத்துவத்திற்காக விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 776 பவுன் முன்கூட்டியே கட்டியாக வேண்டும். ஒரு பவுனுக்கு நம் பணம் ஐந்து வெள்ளிக்கும் மேல் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால், அதைக் கட்டியபின் மருத்துவரைப் பார்க்கத் தனியாகப் பணம் இல்லை. ஸ்காட்லாந்தில் 2011 முதல், மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்தும் இலவசம்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது இருட்டு. நம் ஊரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் மறைகிறது. கிளாஸ்கோவிலோ டிசம்பர் கடைசியில் காலை எட்டே முக்காலுக்குத்தான் விடிகிறது. பிற்பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. மாணவி இருட்டில் வகுப்புக்குப் போகிறாள், இருட்டில் அறைக்குத் திரும்புகிறாள். நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் எட்டு மணி நேர வித்தியாசம். தாய் வேலை முடிந்து பிற்பகல் இரண்டு மணிக்குக் கைப்பேசியை எடுக்கும்போது அங்கே காலை ஆறு மணி. அவள் பேச நினைக்கும் இரவு பத்து மணிக்கோ தாய் பெரட்டுக்குப் புறப்படும் நேரமாகிவிடும். “முதல் நவம்பரில் மூன்று வாரம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை டீச்சர். சோறு இறங்கவில்லை. டிக்கெட் விலை பார்த்துக்கொண்டே இருந்தேன்” என்று பின்னொரு நாளில் எனக்கு எழுதினாள். தாய்க்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டார் என்று பயந்திருக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து அறைப் பெண் ஒருத்தி பல்கலைக்கழக நடைப்பயணக் கழகத்துக்கு அவளை இழுத்துப் போயிருக்கிறாள்.

சனிக்கிழமை

முதலில் ஏறியது கோனிக் குன்று. 361 மீட்டர்தான். கிளாஸ்கோவிலிருந்து ரயில், பிறகு பேருந்து. ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2022 ஜனவரி முதல் பேருந்துப் பயணம் இலவசம். அதற்கென ஓர் அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக, அன்றைய செலவு ரயிலுக்கு மட்டும். கையில் உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்துச் சுருட்டிய சப்பாத்தி, சுடுநீர்க் குப்பியில் தேத்தண்ணீர். மேலே போய்ப் பார்த்தால் காலடியில் லோமண்ட் ஏரி. பிரிட்டன் தீவிலேயே பரப்பில் பெரியது. ஏரிக்குள் சில தீவுகள் நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையில் கிடக்கின்றனவாம். பூமியின் மேலோட்டில் உள்ள ஒரு பெரிய பிளவு அந்த வழியாகத்தான் ஓடுகிறது. அன்று இரவு அவள் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாள். எனக்கு இது ஒன்றே போதும். மற்றவர்களுக்காக மேலும் எழுதுகிறேன்.

அங்கே 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை ‘மன்ரோ’ என்கிறார்கள். சர் ஹியூ மன்ரோ என்பவர் 1891இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டார். இன்றைய பட்டியலில் 282 இருக்கின்றன. எல்லாவற்றையும் ஏறி முடிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்களும் உண்டு. தபால்காரர், தாதி, ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று எல்லாத் தரத்தினரும் அந்தப் பாதைகளில் எதிரே வருகிறார்கள். முன்பின் தெரியாதவர்களும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கடக்கிறார்கள். நகரத்தில் மூன்று வாரம் பேசாதிருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மலைகள் பெரும்பாலும் தனியாருடையவை. ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே முதலாளிக்குச் சொந்தம். மான் வேட்டைக்காக வைத்திருப்பார்கள். அவற்றையும் ‘எஸ்டேட்’ என்றுதான் சொல்கிறார்கள்! ஆனால் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பயிரையும் கால்நடையையும் பிறர் வீட்டையும் தொந்தரவு செய்யாமல் எவரும் அந்த நிலத்தில் நடந்து போகலாம். கேட்டில் ஜாகா நின்று “எங்கே போகிறாய்?” என்று கேட்பதில்லை. நாலு தலைமுறையாக ஒரு கேட்டுக்குள் வாழ்ந்த குடும்பத்துப் பெண்ணுக்கு அது புதுமையாக இருந்ததில் வியப்பென்ன?

நம் பாலும் அவர்கள் மழையும்

ஸ்காட்லாந்து நமக்கு அந்நியமான ஊர் அல்ல. நம் தாத்தாமார் ‘துரை’ என்று கும்பிட்டவர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள். தோட்ட மக்களுக்கு நன்கு தெரிந்த கத்ரி கம்பெனியை 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரியும் ஸ்காட்லாந்துக்காரரே. அதன் தோட்டங்கள் 1981இல்தான் மலேசியர் கைக்கு வந்தன.

கிளாஸ்கோவில் பிறந்த சார்ல்ஸ் மெக்கிண்டாஷ், ரப்பரை நாப்தா எண்ணெயில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, மழை புகாத துணி ஒன்றைச் செய்து 1823இல் காப்புரிமை பெற்றார். அந்த ஊர் மழைக்கு அது தேவைப்பட்டது. காற்றடைத்த சக்கரத்தை 1888இல் பதிவு செய்த ஜான் பாய்ட் டன்லப்பும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்தான். அந்தச் சக்கரத்தால்தானே மலாயாக் காடெல்லாம் ரப்பர் காடாயிற்று. அதற்காகத்தானே நம்மவர்கள் கப்பல் ஏறினார்கள்! இன்றைய மழைச் சட்டை ரப்பரில் செய்யப்படுவதில்லை. ஆனாலும் அங்கே வயதானவர்கள் மழைச்சட்டையை இன்னும் ‘மேக்’ என்கிறார்களாம். என் மாணவி வைத்திருப்பது நன்கொடைக் கடையில் வாங்கிய பழைய சட்டை; காலணி மட்டும் புதிது. காலணியில் சிக்கனம் பார்க்காதே என்று சொன்னவர் அவள் தாய். ஈரக் காட்டில் நடந்தவருக்குத் தெரியாதா?

திரும்பி வந்த நாள்

இரண்டாம் ஆண்டு நவம்பரில் பென் லோமண்ட் மலைக்குப் போனார்கள். உயரம் 974 மீட்டர். நம் கெடாவின் குனோங் ஜெராய் 1,217 மீட்டர்; அதைவிட இது குள்ளம். “ஜெராயையே பார்த்தவளுக்கு இது என்ன பெரிது?” என்று தாய் கேட்டாராம். ஜெராயில் நனைந்தால் சளி பிடிக்கும். ஸ்காட்லாந்து மலையில் நனைந்து காற்றில் நின்றால் உடம்புச் சூடு இறங்கி உயிருக்கே ஆபத்து. வித்தியாசம் அதுதான்.

எந்த மலைக்கு எவ்வளவு நேரம் என்பதற்கு வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் ஒரு கணக்குச் சொல்லி வைத்தார். இன்றைய அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பென் லோமண்டுக்குப் போகவர ஏறக்குறைய 12 கிலோமீட்டர். ஏற்றம் 960 மீட்டர். (இதையே என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணக்காகக் கொடுத்தேன், நான்கு மணி நேரம் என்று விடை சொன்னவர்கள் இருவர்.) உட்கார, உண்ண, படம் எடுக்க என்று இன்னும் ஒன்றரை மணி நேரம் சேருங்கள். நவம்பர் கடைசியில் அங்கே நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும்.

பத்து மணிக்கு ஏறத் தொடங்கினார்கள். ஒரு மணி ஆனால் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று கீழேயே பேசி வைத்திருந்தார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு மேகம் சூழ்ந்துகொண்டது. பாதையில் உறைபனி. உச்சிக்கு இன்னும் 150 மீட்டர்தான் என்றது வரைபடம். கடைசி முகட்டில் ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு. பன்னிரண்டு பேரில் இருவரிடம் பனியில் பிடிக்கும் இரும்பு முட்கள் இல்லை. தலைவராக வந்த மாணவர் எல்லாரையும் எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்புவோம் என்றார். என் மாணவிக்கோ அழுகை. இன்னும் கொஞ்ச தூரந்தானே, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று. வாதாடியிருக்கிறாள். பயனில்லை. கீழே வந்து சேரும்போது மணி மூன்றேகால். கொஞ்ச நேரத்தில் இருட்டத் தொடங்கியது, கூடவே பனிமழை.

மறுநாள் தாயிடம் இதைச் சொல்லி, “தோத்துட்டு வந்துட்டேன்மா” என்றாளாம். தாய் சொன்ன பதிலை அவள் எனக்கு அப்படியே அனுப்பினாள். “மழை பெஞ்சி மரம் நனைஞ்சிருந்தா நாங்க கத்தியைக் கூட எடுக்காம வீட்டுக்கு வந்துடுவோம்டி. வெட்டினா பால் பட்டையில வழிஞ்சி வீணாப் போகும், மரத்துக்கும் சீக்கு. அது தோல்வியா? மரம் எங்க போவுது, நாளைக்கும் அங்கதானே நிக்கும்.”

அந்த மாதத்தில்தான் ஒரு பாடத்தில் அவளுக்குக் குறைந்த புள்ளி வந்திருந்தது. படிப்பை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாடத்தை ஆகஸ்டில் மறுதேர்வு எழுதித் தேறினாள். தாய் சொன்னதை அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். பென் லோமண்டையும் ஜூனில் ஏறிவிட்டாள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

ஆகவே, “ஏன் போனாய்?” என்று கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த முறை சொல்லாமல் போவார்கள். அதுதான் ஆபத்து. யாரோடு போகிறாய், எத்தனை பேர், எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் திரும்புவாய், அந்த நேரத்துக்கு வராவிட்டால் தேடச் சொல்ல அந்த ஊரில் யாரிடம் சொல்லியிருக்கிறாய் என்று கேளுங்கள். அங்கே மலைகளுக்கென்றே தனி வானிலை அறிக்கை நாள்தோறும் வருகிறது. பார்த்தாயா என்று கேளுங்கள். கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். காகித வரைபடமும் திசைகாட்டியும் வேண்டும். நெற்றி விளக்கு வேண்டும். விடியற்காலை நெற்றி விளக்கோடு நிரைக்குப் போகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வழி தவறினால் அல்லது அடிபட்டால் 999க்கு அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். அக்குழுவினர் ஊதியம் வாங்காத தொண்டர்கள். மீட்டதற்குப் பணம் கேட்பதில்லை. வெளிநாட்டு மாணவர்கள் சிலர் ‘பில் வந்துவிடும்’ என்று பயந்து அழைக்காமல் இருக்கக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மே மாதத் தேர்வு முடிந்ததும் அவளும் மூன்று தோழிகளும் மேற்கு ஹைலண்ட் பாதையில் நடக்கப் போகிறார்கள். 1980இல் திறந்த பாதை அது. கிளாஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மில்கையிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர். ஒரு வாரம் ஆகும். இரவில் கூடாரம். நெத்திலி சம்பல் ஒரு போத்தல் தபாலில் அனுப்ப முடியுமா என்று தாய் என்னிடம் விசாரித்தார். மீன் சேர்ந்த உணவை அந்நாட்டுக்குத் தபாலில் அனுப்பும்முன் சுங்க விதியைப் பார்க்க வேண்டும். சம்பல் மிளகாயை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். அட்டை கடிக்குமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. நம் காட்டைப் போல் அட்டைத் தொல்லை இல்லை. ஆனால் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கண்ணுக்குத் தெரியாத ‘மிட்ஜ்’ கொசு கூட்டமாக வந்து பிடுங்கும். புல்லில் உண்ணியும் உண்டு. லைம் என்ற நோயை அது பரப்பக்கூடும். ஆதலால் இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் தடவிப் பார்த்து, உண்ணி இருந்தால் நசுக்காமல் தோலை ஒட்டிப் பிடித்து மெல்ல இழுத்து எடுத்துவிட வேண்டும். அதற்கென்று ஒரு சிறு இடுக்கியை ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டாளாம்.