பொறி மறுசீரமைப்பு

பொறி மறுசீரமைப்பு என்பது தேய்ந்துபோன தானுந்துப் பொறியை வண்டியிலிருந்து இறக்கி, முழுமையாகப் பிரித்து, பாகங்களை அளந்து, தேய்ந்தவற்றைக் கடைந்தோ மாற்றியோ மீண்டும் பூட்டும் பணியாகும். பட்டறைகளில் இது 'என்ஜின் வேலை' எனப்படுகிறது.

தேவையை அறிதல்

தொடர்ந்து நீலப் புகை வருதல், மசகெண்ணெய் குறைதல், எண்ணெய் அழுத்தம் வீழ்தல், அடிப்பகுதியில் தட்டும் ஒலி ஆகியன முக்கிய அறிகுறிகள் ஆகும். அமுக்கச் சோதனையில் அழுத்தம் குறைவாக இருந்தால், உருளைக்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் சோதிப்பர். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்களோ உருளையோ தேய்ந்துள்ளன எனலாம். உயராவிடில் வால்வு அல்லது கேஸ்கெட்டில் கசிவு இருக்கக்கூடும். இந்நிலையில் மேற்பகுதியை மட்டும் சீர்செய்தால் போதுமானதாக அமையலாம்.

செயல்முறை

1. பொறியைப் பிரித்துக் கழுவுதல்.
2. உருளைகளின் விட்டத்தைப் பல உயரங்களில் இரு திசைகளில் அளத்தல். வெப்பமும் அழுத்தமும் மிகுந்து, மசகு குறைந்த மேற்பகுதியிலேயே தேய்மானம் அதிகம்.
3. உருளைகளைக் கடைந்து, பெரிய அளவுப் பிஸ்டன்களைப் பொருத்துதல்.
4. கிராங்க் தண்டில் விரிசல் உள்ளதா எனச் சோதித்துச் சாணை பிடித்து, அதற்கேற்ற தாங்கிகளை இடுதல்.
5. வால்வுகளையும் அவற்றின் இருக்கைகளையும் சீர்செய்தல்.
6. எண்ணெய் வழிகளை மீண்டும் கழுவுதல். இங்கு தங்கும் உலோகத்தூள் புதிய தாங்கிகளை விரைவில் அழித்துவிடும்.
7. குறித்த முறுக்கு விசையில் பூட்டுதல்.

எடுத்துக்காட்டு

இந்துஸ்தான் அம்பாசடர் வண்டியில் பல ஆண்டுகள் பயன்பட்ட 1489 கன செ.மீ. பெட்ரோல் பொறியில் நான்கு உருளைகள் உண்டு. உருளை விட்டம் 73.025 மி.மீ., வீச்சு 88.9 மி.மீ. ஆகும். இதன் விட்டத்தை 0.040 அங்குலம் கூட்டிக் கடைந்தால் கொள்ளளவு ஏறத்தாழ 1531 கன செ.மீ. ஆகிறது. அதற்கு மேலும் தேய்ந்தால் உருளைகளுக்குள் புதிய உறைகளை இறுக்கலாம். வார்ப்பிரும்பால் ஆன இத்தகைய பொறிகளைப் பலமுறை புதுப்பிக்க முடிகிறது. ஆனால் உட்சுவரில் கடினப் பூச்சு இடப்பட்ட அலுமினிய உருளைகளைச் சாதாரணப் பட்டறைகளில் கடைய இயலாது.

செலவு

கூலி, கடைசல் வேலை, உதிரிப்பாகங்கள் என்பன செலவின் மூன்று கூறுகளாகும். பிரித்து அளக்கும் வரை மொத்தச் செலவை உறுதியாகக் கூற முடியாது. எனவே, பிரித்து அளப்பதற்கு ஒரு தொகையும், அளவுகளைப் பார்த்த பின் மீதி வேலைக்கு ஒரு தொகையும் பேசிக்கொள்வது இருதரப்புக்கும் நல்லது.

பிரித்துப் பூட்டும் கூலி, சில பாகங்களை மாற்றினாலும் எல்லாவற்றையும் மாற்றினாலும் பெரிதும் வேறுபடுவதில்லை. நீள்வட்டமாகத் தேய்ந்த உருளையில் வளையங்களை மட்டும் மாற்றினால் அவை சரிவரப் படியாமல் புகை திரும்ப வரும். கூலியையும் மீண்டும் தர நேரிடும்.

செலவு வண்டியின் விலையை மிஞ்சுமானால் பழைய பொறி ஒன்றை வாங்கிப் பொருத்துவதும் உண்டு. அதன் தேய்மானம் வெளியில் தெரியாது என்பது இதன் குறைபாடு. மேலும், இந்தியாவில் பொறி எண் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதால் இம்மாற்றத்தையும் பதிவு செய்யவேண்டும்.

பழக்குதல்

புதுப்பித்த பொறியைத் தொடக்கத்தில் மிகுந்த சுமையோ உச்ச வேகமோ இன்றி, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். முதல் மசகெண்ணெயை வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்றுவர்.