இது பாட்டா? விட்மனைப் பயிலும் தமிழ் மாணவர்

எதுகையும் மோனையும் செவிக்குப் பழகிய தமிழ் மாணவனிடம் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் பாடலைத் தந்தால், "ஐயா, இது பாட்டா, உரைநடையா?" என்றே முதலில் கேட்பான். இவ்வினாவை அறியாமை என்று ஆசிரியர் தள்ளிவிடலாகாது. விட்மனைப் படித்த பாரதியாரும் இதையே குறித்தார்.

விட்மன் 1819-இல் நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் பிறந்தவர், தச்சர் மகன். 11 வயதளவில் பள்ளியை விட்டு, பின்னர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழில் கற்றார். 1855-இல் 'புல்லின் இதழ்கள்' என்னும் நூலைத் தம் செலவிலேயே வெளியிட்டார். அதில் இருந்தவை 12 பாடல்கள். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. எதிரே உழைப்பாளி உடையில் நிற்கும் அவர் படம் மட்டுமே இருந்தது. அறிஞர் எமர்சன் மடல் எழுதிப் போற்றினார், பலர் இகழ்ந்தனர். தச்சனும் கொத்தனும் படகோட்டியும் துணி வெளுக்கும் பெண்ணும் அவர் பாட்டில் தலைமக்கள் ஆயினர்.

பாரதியார் (1882–1921) தம் கட்டுரையொன்றில், விட்மன் பாட்டில் எதுகை, மோனை, தளை இல்லை என்று எடுத்துக்காட்டினார். ஆயினும் அவரைப் பெருங்கவி என்றும், மனிதர் யாவரும் சமம் என்று முழங்கியவர் என்றும் போற்றினார். யாப்பைக் கைவரப் பெற்ற அவரே வசன கவிதையும் எழுதினார். பின்னர் ந. பிச்சமூர்த்தியும் விட்மன் நூலால் தூண்டப்பெற்று, 1934-இல் 'மணிக்கொடி'யில் 'காதல்' என்னும் கவிதையை வெளியிட்டார். அவ்வழியே வளர்ந்த புதுக்கவிதை 1960-களில் மலேசியத் தமிழ் ஏடுகளிலும் தலைகாட்டியது.

உரைநடையைச் செய்யுளோடு எண்ணுவது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் யாப்பின் எழுவகையுள் பாட்டோடு உரையையும் வைத்தார். சிலப்பதிகாரத்தில் பாட்டிடையே உரையும் விரவி வருகின்றது. ஏர் பிடிப்போரைப் பள்ளு நூல்கள் பாடின. ஆதலின் விட்மனைக் கற்பது மரபைக் கைவிடுவது ஆகாது.

நம் மாணவர்க்கு இதனால் ஆவது என்ன? புக்கிட் ரம்பாய் போன்ற மலாக்கா ஊர்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பலரின் பாட்டனும் பாட்டியும் பால்மரக் காட்டில் உழைத்தவர்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, நிரை நிரையாய் மரம் சீவி, மங்குப் பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தவர்கள். கட்டுரை எழுதச் சொன்னால் மாணவன் நிலவையும் தென்றலையும் எழுதுகிறான். பாட்டியின் கையை எழுதுவதில்லை. அது இலக்கியமாகாது என்று எவரும் சொல்லாமலே கற்றுக்கொண்டிருக்கிறான். அத்தோட்டங்களும் ஒவ்வொன்றாய் மறைகின்றன, நினைவுடையோரும் குறைகின்றனர்.

ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விட்மன் பாடல் ஒன்றைத் தமிழில் படித்துக் காட்டுக. "இது பாட்டா?" என்று மாணவன் கேட்டால், உடனே விடை கூறற்க. "உன் வீட்டு உழைப்பை இவ்வாறு எழுதிப் பார், பிறகு அதையே அகவலிலும் எழுதிப் பார்" என்க. இரண்டையும் எழுதிப் பார்த்தவன் யாப்பின் பயனையும் அறிவான்; யாப்புக்கு அப்பாலும் பாட்டு உண்டோ என்பதைத் தானே தேர்வான். பாட்டியின் பெயரும் ஓர் ஏட்டில் ஏறும்.