உங்களுக்குத் தெரியுமா? பாரசீகக் களிம்பும் ஈப்போ சுண்ணாம்பும்

தீப்பட்ட இடத்தின் வலி தணியக் குளிர்ந்த நீரைப் பரிந்துரைத்தவர்களில் ஒருவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாரசீக மருத்துவர் அல் ராஸி. இன்றைய மருத்துவமும் முதலில் கேட்பது தண்ணீரைத்தான்: ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம். ஐஸ் கூடாது. பற்பசை, கிச்சாப், வெண்ணெய் எதுவும் கூடாது. நம் வீடுகளில் கை முதலில் பற்பசைக்குத்தான் போகிறது. தயவுசெய்து அதை நிறுத்துவோம்.

*

இன்னொரு பாரசீக மருத்துவர் இப்னு சீனா (980–1037) தீப்புண்ணுக்குச் சொன்ன மருந்துகளில் ஒன்று, கழுவிய சுண்ணாம்பு! நீற்றிய சுண்ணாம்பை நீரில் கரைத்து, தெளியவிட்டு, நீரை இறுத்து, மறுபடி கரைத்து, இப்படிப் பலமுறை கழுவிக் காரத்தைத் தணிப்பார்கள். பிறகு ரோஜா எண்ணெயும் மெழுகும் சேர்த்தால் களிம்பு. யுனானி வைத்தியத்தில் இந்தக் கழுவிய சுண்ணாம்பு இன்றும் உண்டு. நம் பாட்டிமார் சுண்ணாம்புத் தெளிநீரில் தேங்காயெண்ணெயை விட்டு, வெளுத்துத் திரளும்வரை அடித்துத் தடவியதும் இதே வழிதான். ஸ்காட்லாந்தின் காரன் இரும்பாலையில் வெந்துபோன தொழிலாளர்களுக்குச் சுண்ணாம்பு நீரும் ஆளிவிதை எண்ணெயும் சரிபாதி கலந்து பூசினார்கள். ஆலையின் பெயராலேயே அது ‘காரன் எண்ணெய்’ ஆனது. ஊருக்கு ஊர் எண்ணெய்தான் வேறு.

அந்தச் சுண்ணாம்புக்கு ஈப்போவில் பஞ்சமே இல்லை. கல்லுமலை முருகன் குடியிருக்கும் குனோங் சீரோவும் சுண்ணாம்புக்கல் மலைதான். ஆனால் ஒன்று: காரம் தணியாத சுண்ணாம்பு தோலையே அரித்துவிடும். கைமருந்தாகச் செய்து பார்க்க வேண்டாம்.

*

ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றிய ஃபார்மிக் ஆசிட், நெருப்பில்லாமலே தோலைச் சுடும். சில எறும்புகள் கடித்தால் எரிவதும் அதே அமிலத்தால்தான். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து எழுந்த தோட்டங்களில் எத்தனை கைகள் இப்படி வெந்திருக்கும்! ஆசிட் பட்டால் எண்ணெயோ சுண்ணாம்போ வேண்டாம். துணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள், நிறையக் கொட்டுங்கள்.

*

ஈரானில் ‘ஆல்ஃபா’ என்றொரு தீப்புண் களிம்பு உண்டு. அதன் மூலப்பொருள் மருதாணி. ஆனால் ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் தோலில் மருதாணி பூசினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகலாம், உயிருக்கே ஆபத்து. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இந்தக் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் முடிவு என்ன? மருதாணி அரைக்குமுன் அது எழுதிய மருத்துவ அட்டையை எடுத்துப் பாருங்கள்.

*

மலாய்க்காரர்கள் உலாமாகச் சாப்பிடும் பெகாகா நம் வல்லாரையேதான். ஈரானிய மருத்துவர்கள் வல்லாரைக் களிம்பையும், மருத்துவமனைகளில் வழக்கமாகப் பூசும் சில்வர் சல்ஃபடயசினையும் தீப்புண் நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். வல்லாரை பூசிய புண்களே விரைவில் ஆறின. அது சுத்திகரித்த சாறு. லயத்து வாய்க்கால் ஓரத்தில் பறித்து அரைத்ததல்ல.

*

தேனுக்குச் சான்று இன்னும் வலுவானது. தோலின் முழு ஆழத்துக்கும் இறங்காத தீப்புண்கள், வழக்கமான கட்டுகளைவிடத் தேன் கட்டில் நான்கைந்து நாள் முன்னதாகவே ஆறுவதாக 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் துவாலாங் தேனை எலிகளின் தீப்புண்ணில் சோதித்திருக்கிறது. புண்ணுக்குப் போடுவது கிருமிநீக்கிய மருத்துவத் தேன். பாட்டில் தேன் காப்பிக்கும் கஷாயத்துக்கும் இருக்கட்டும்.

*

மலேசியாவின் 2016-ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தையும் அங்கீகரிக்கிறது. சித்தாவும், மேலே சொன்ன யுனானியும் அதற்குள் வரும்.

*

தீப்புண்ணுக்கு வாழையிலை விரித்துப் படுக்க வைத்த வழக்கம் மும்பையில் ஆய்வுக்கும் போனது. அங்குள்ள மருத்துவர்கள் கிருமிநீக்கிய வாழையிலைக் கட்டையும் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் கட்டையும் ஒப்பிட்டு 2003-இல் எழுதினார்கள். புண்ணை ஆற்றுவதில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. செலவு குறைவு வாழையிலைக்கு.