கட்டிக்கொடுத்த சோறு

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதன்கிழமை ஊசி போடப் போனால், அட்டையைப் புரட்டிக்கொண்டே யாராவது ஒரு பெண் கேட்பாள்: "பி.சி.ஜி. பொறந்ததுமே போட்டுட்டாங்க. தட்டம்மை ஊசிக்கு மட்டும் ஏன் சிஸ்டர் ஒம்பது மாசம்?"

"எல்லாம் உன்னாலதான்" என்பேன்.

கர்ப்ப காலத்தில், முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், தாயின் ரத்தத்திலுள்ள 'ஐஜிஜி' என்ற எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு அது தாயின் அளவுக்கு, சமயத்தில் கூடுதலாகவே இருக்கும். குறைமாதக் குழந்தைக்குக் குறைவுதான். கர்ப்பிணிக்குப் போடும் டி.டி. ஊசி, பிறக்கப்போகும் பிள்ளையை ரணஜன்னியிலிருந்து காப்பதும் இதே வழியில்தான்.

ஆனால் கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு? மாதாமாதம் அது கரைந்துகொண்டே வரும். தட்டம்மை ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி. சீக்கிரமே போட்டால், பிள்ளையின் உடம்பு அதைக் கண்டு பழகுமுன் தாயின் எதிர்ப்பொருளே தீர்த்துக் கட்டிவிடும். ரொம்பத் தள்ளிப்போட்டால் தட்டம்மை முந்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே போட்ட கணக்குதான் ஒன்பது மாதம். தட்டம்மை அரிதாகிவிட்ட அமெரிக்காவில் 12 மாதம் வரை காத்திருக்கிறார்கள்.

தாயின் எதிர்ப்பு பிள்ளைக்குச் சேர்வதை 1892-லேயே எலிகளிடம் பிரித்துக் காட்டியவர் ஜெர்மானியரான பால் எர்லிக். எந்த விஷத்தை வைத்து என்கிறீர்கள்? களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே, அந்தக் குன்றிமணியின் விஷம். கூடவே ஆமணக்கின் விஷமும். சிறுகச் சிறுகக் கொடுத்து விஷம் தாங்கப் பழகிய தாயெலியின் குட்டிகளும் தாங்கின. தகப்பன் மட்டும் பழகியிருந்தால் குட்டிக்கு ஒன்றும் சேரவில்லை. பிறகு குட்டிகளைத் தாய் மாற்றிப் பால் குடிக்க விட்டார். சாதாரண எலிக்குப் பிறந்தவையும், பழகிய எலியிடம் குடித்ததும் தாங்கின. எலிக்குப் பாலிலிருந்தே எதிர்ப்பொருள் ரத்தத்தில் ஏறிவிடும்.

நமக்கு அப்படியில்லை. சீம்பாலில் நிறைந்திருக்கும் 'ஐஜிஏ' என்ற எதிர்ப்பொருள் ரத்தத்துக்குப் போகாமல் தொண்டையிலும் குடலிலும் நின்று, கிருமியை ஒட்டவிடாமல் காவல் காக்கும். மாட்டிலோ, கருவிலிருக்கும் கன்றுக்கு எதிர்ப்பொருள் எதுவும் போவதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தால்தான் உண்டு. ஒரு நாள் கடந்தால் குடல் அதை உள்ளே விடாது. ஊர்ப் பெரியம்மாக்கள், கன்று எழுந்து நின்றதுமே மடியில் கொண்டுபோய் விடுவார்கள். அதே கைதான் மருமகளின் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுப் பேரன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும். அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் சண்டை.