ஊருக்குப் புறப்படுமுன் வண்டியை நோக்குக!

கோடை விடுமுறை வந்துவிட்டால் மும்பை வாழ் தமிழர் இல்லங்களில் ஊர்ப் பயணப் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. இரயிலில் இடம் கிடையாதவர்களும், ஊரில் நாலு இடம் சென்றுவர வண்டி வேண்டுமென எண்ணுபவர்களும் சொந்தக் காரிலேயே குடும்பத்துடன் புறப்படுகின்றனர். புனே, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் வழியாகக் கிருஷ்ணகிரியை அடைந்து, சேலமும் மதுரையும் கடந்து திருநெல்வேலி சேர ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓட வேண்டும். பிள்ளைகளின் துணிமணி முதல் பாட்டிக்கு வாங்கிய புடைவை வரை எண்ணி எண்ணி எடுத்து வைக்கிறோம். ஆயின், நம் அனைவரையும் சுமந்து செல்லப்போகும் வண்டியின் நலத்தை எண்ணிப் பார்க்கிறோமா?

இவ்வினாவைப் பிறரிடம் எழுப்புமுன் யாம் எம்மையே கேட்டிருத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் யாம் பட்ட பாட்டை ஈண்டுக் கூறுவது, அன்பர்கள் அதனைப் படாதிருத்தற் பொருட்டேயாம்.

எம் கார் அப்பொழுது ஐந்தாண்டு வயதுடையது. நகருக்குள் மட்டுமே ஓடியமையால் 24,000 கிலோமீட்டரே கண்டிருந்தது. ‘ஓடாத வண்டிக்கு என்ன பழுது வந்துவிடப் போகிறது?’ என்பது எம் நினைப்பு. ஆயினும் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னர் ஒரு பணிமனையில் சர்வீஸுக்கு விட்டோம். எண்ணெய் மாற்றினர், மேனியை மெருகிட்டனர், உட்புறத்தில் நறுமணம் தெளித்தனர், எஞ்சினைக் கழுவும் மருந்தென்று ஒன்றுக்கும் பணம் பெற்றனர். வண்டி புதுமணப்பெண் போல் மின்னியது. மனநிறைவோடு புறப்பட்டோம்.

மூன்றாம் நாள் நண்பகலில் தருமபுரியைக் கடந்து, சேலம் நோக்கித் தொப்பூர் மலைச்சரிவில் இறங்கினோம். முன்னே சுமை லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பிரேக்கை மிதித்தும் விடுத்தும் சில கிலோமீட்டர் சென்றிருப்போம். ஒரு வளைவில் மிதித்த பெடல் பஞ்சுபோல் உள்ளே அமிழ்ந்தது, வண்டி நிற்கவில்லை. பின்னிருக்கையில் குழந்தைகள் இருவர். முன்னிருக்கையில் வயது முதிர்ந்த அன்னையார். தாழ்ந்த கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, சாலையோர மண்ணில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினோம். அந்த அரை நிமிடத்தை இன்று நினைப்பினும் உள்ளங்கை வேர்க்கிறது.

சூடு தணிந்தபின் மெல்ல ஊர்ந்து சேலம் சேர்ந்தோம். அங்கே ஒரு சிறு பட்டறையின் மெக்கானிக், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “சார், வண்டி வாங்கின நாளிலிருந்து பிரேக் ஆயிலை மாற்றவே இல்லையா? டீத்தண்ணி மாதிரி ஆகிவிட்டதே!” என்றார். யாம் பழைய பில்களை எல்லாம் புரட்டினோம். மெருகிட்டதற்குக் கணக்கு இருந்தது. மணம் தெளித்ததற்குக் கணக்கு இருந்தது. பிரேக் ஆயில் என்னும் சொல் எதிலுமே இல்லை. செய்யாதது பணிமனையின் குற்றம். கேளாதது எம் குற்றம்.

கிலோமீட்டரும் காலமும்

சர்வீஸ் என்பது யாது? வண்டியைக் கழுவித் துடைப்பது அன்று. பழுது வந்தபின் நீக்குவதும் அன்று. தேயும் பொருளைத் தேய்ந்து முடியுமுன் மாற்றுவதும், கெடும் பொருளைக் கெடுமுன் கண்டறிவதுமே சர்வீஸ் ஆகும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்தல் வேண்டும் என்பதற்கு விடை, வண்டியுடன் வந்த கையேட்டிலேயே உள்ளது. நம் நாட்டில் இன்று விற்கும் பெட்ரோல் கார்களுள் பெரும்பாலானவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்பது கணக்கு. சிலவற்றுக்கு 15,000 கிலோமீட்டர் என்றும் உண்டு. இவ்விரண்டில் எது முந்துகிறதோ அதுவே கெடு. இங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம். கிலோமீட்டரை மட்டும் பார்த்துக் காலத்தை மறந்துவிடுகிறோம். ஓடாவிடினும் எண்ணெய் முதுமையுறும், இரப்பர் இறுகும், பாட்டரி வலுவிழக்கும்.

குறைவாக ஓடுவது வண்டிக்கு நன்மை என்பதும் முழு உண்மை அன்று. வீட்டிலிருந்து இரயில் நிலையம் வரை நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிடின் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதில்லை. அதனால் உள்ளே படியும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகி வெளியேற வழியின்றி எண்ணெயில் கலந்து, அதன் ஆற்றலைக் குறைக்கின்றன. நின்று நின்று நகரும் நெரிசல், புழுதி, சிறு பயணம் ஆகியவற்றைக் கையேடுகள் கடும் உழைப்பு என்றே வகுத்து, சர்வீஸை இன்னும் முன்னதாகச் செய்யப் பணிக்கின்றன. நம் நகர வாழ்க்கைக்கு இம்மூன்றுமே பொருந்துவன அல்லவோ?

ஒவ்வொரு சர்வீஸிலும் செய்யத்தக்கவை

முதலாவது, எஞ்சின் எண்ணெயும் அதன் வடிகட்டியும். இவ்விரண்டையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். பழைய வடிகட்டியை விட்டுவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுவது, அழுக்குக் குடத்தில் நன்னீர் நிரப்புவதை ஒக்கும். 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என எண்ணெயில் வகைகள் பல உண்டு. கையேடு எதனைச் சொல்கிறதோ அதனையே ஊற்றுதல் முறை. விலை மிகுந்தது எல்லாம் உயர்ந்தது ஆகாது.

இரண்டாவது, காற்று வடிகட்டி. இதனை ஒவ்வொரு முறையும் எடுத்துத் தூய்மை செய்து, கையேடு குறித்த அளவில் மாற்ற வேண்டும். புழுதியில் ஓடும் வண்டிக்கு முன்னதாகவே மாற்றுவது நலம். ஏ.சி.க்குரிய வடிகட்டி வேறு. அது அடைத்துக்கொண்டால் குளிர்காற்று குறையும்.

மூன்றாவது, பிரேக். சக்கரத்தைக் கழற்றி பேட் எவ்வளவு தேய்ந்துள்ளது என்று கண்ணால் காணுதல் வேண்டும். பின்சக்கரங்களில் டிரம் இருப்பின் அதனையும் திறந்து தூய்மை செய்தல் வேண்டும்.

நான்காவது, டயர். நான்கையும் இடம் மாற்றிப் பூட்டுதலும், வீல் அலைன்மெண்ட் பார்த்தலும் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையேனும் செய்யத்தக்கன. டயரின் பள்ளங்களினிடையே சிறு மேடுகள் உள்ளன. டயர் தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமாகிவிடின், எஞ்சிய ஆழம் 1.6 மில்லிமீட்டரே, அந்த டயரில் மழைச் சாலையில் செல்லுதல் ஆகாது. டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருப்பின், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்பது பொருள். தேயாததாயினும் மிகப் பழைய டயரை நெடும்பயணத்துக்கு நம்புதல் கூடாது.

இவையன்றி, பாட்டரியின் வலு, கூலண்டின் அளவு, பெல்ட், விளக்குகள், வைப்பர், ஸ்டியரிங் மூட்டுகள், சக்கரத்தண்டின் இரப்பர் உறைகள் ஆகியவற்றையும் பார்த்துக் குறித்தல் ஒவ்வொரு சர்வீஸிலும் அடங்கும்.

சில ஆண்டுகட்கு ஒருமுறை வருவன

ஆண்டுதோறும் செய்யாமையால் மறதியில் மறைந்துவிடுவன சில உண்டு. எம்மைத் தொப்பூரில் தவிக்கவிட்ட பிரேக் ஆயில் அவற்றுள் தலையாயது. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 4 என்னும் வகை, புதிதாயிருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வரையேனும் கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகை அளவுக்கே தாழ்ந்துவிடலாம். மலைச்சரிவில் இடைவிடாது பிரேக் மிதித்தால் வெப்பம் அவ்வளவைத் தாண்டும். ஆயில் கொதித்துக் குமிழிகள் உண்டாகும். நீர்மத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குச் செல்லும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும், வண்டி நிற்காது. ஆகவேதான் ஓட்டம் எவ்வளவு குறைவாயினும் ஈராண்டுக்கு ஒருமுறை இதனை மாற்றுக என்று பல கையேடுகள் கூறுகின்றன. ஆகும் செலவோ, மேனியை மெருகிடும் செலவிற் சிறு பகுதியே.

ஸ்பார்க் பிளக் சாதாரண வகையாயின் 40,000 கிலோமீட்டர் அளவிலும், இரிடியம் வகையாயின் அதனினும் மிக நீண்ட இடைவெளியிலும் மாற்றப்படும். கூலண்டுக்கும் கியர் எண்ணெய்க்கும் உரிய கெடுவை அவரவர் கையேட்டில் காண்க. பாட்டரி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்தாண்டு உழைக்கும். அவ்வயதை எட்டியதனை ஊருக்குப் புறப்படுமுன் சோதித்தல் அறிவுடைமை. சி.என்.ஜி. வண்டி வைத்திருப்போர், மூன்றாண்டுக்கு ஒருமுறை சிலிண்டரின் அழுத்தச் சோதனையை மறத்தலாகாது. மின்கார் வைத்திருப்போர்க்கு எஞ்சின் எண்ணெய்க் கவலை இல்லை. ஆயினும் பிரேக் ஆயிலும் டயரும் அவர்கட்கும் உண்டு.

பணிமனையில் பேசும் முறை

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் வேண்டுவனவற்றை எழுதச் செய்க. ‘பொதுச் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட வேண்டா. எஞ்சின் கழுவுதல், கரி நீக்குதல், மேற்பூச்சு, கிருமி நீக்கம் எனப் பற்பல பணிகளை இக்காலத்தில் எடுத்துரைப்பர். அப்போது, “இது கையேட்டில் உள்ளதா? இத்தனை கிலோமீட்டரில் செய்யச் சொல்லியிருக்கிறதா?” என்று அமைதியாகக் கேட்க. இல்லையெனின் மறுப்பதற்கு நாணுதல் வேண்டா. மொழி தெரியாத இடமாயினும் கையேட்டின் அட்டவணையை விரல் வைத்துக் காட்டலாம் அன்றோ? மாற்றிய பழைய பொருள்களைத் திருப்பித் தரும்படி முன்னரே சொல்லிவிடுக. புதுக் கார்களுக்குத் தரும் இலவச சர்வீஸில் பெரும்பாலும் கூலி மட்டுமே இலவசம். எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் விலை உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

சர்வீஸைப் புறப்படும் நாளுக்கு முதல்நாள் செய்வது தவறு. இரண்டு வாரமேனும் முன்னர்ச் செய்து, நகரிலும் அண்மை ஊர்களிலும் ஓட்டிப் பார்த்தால், சரியாகப் பூட்டாத நட்டும் எண்ணெய்க் கசிவும் வீட்டருகிலேயே வெளிப்பட்டுவிடும். புறப்படும் நாள் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றளவு பார்த்து, முழுச் சுமைக்குக் கையேடு குறித்த அளவில் நிரப்புக. ஸ்டெப்னி டயரையும் விட்டுவிட வேண்டா. மலைச்சரிவில் இறங்குகையில் பிரேக்கையே நம்பாது தாழ்ந்த கியரில் இறங்குக. நியூட்ரலில் உருளவிட்டு எரிபொருள் மிச்சம் பிடிக்க முயல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

திரும்பி வந்தபின்

விடுமுறை முடிந்து நாம் திரும்பும்போது மும்பையில் மழை நம்மை வரவேற்கும். வைப்பர் இரப்பரை அதற்குள் மாற்றிக்கொள்க. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததையும், வண்டிகள் நீரில் மூழ்கியதையும் நம்மில் முதியோர் மறந்திரார். நீரில் மூழ்கிய வண்டியைக் கண்டதும், ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்புதல் ஆகாது. உள்ளே நீர் புகுந்திருப்பின் அந்த ஒரு திருப்பிலேயே எஞ்சின் பாழாகிவிடும். இழுத்துச் சென்று திறந்து பார்ப்பதே வழி.

இறுதியாக ஒன்று. தொப்பூர் நிகழ்ச்சிக்குப்பின் எம் வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துள்ளோம். எந்நாளில், எத்தனை கிலோமீட்டரில், எது மாற்றப்பட்டது என்பதை அதில் எழுதி வருகிறோம். பிரேக் ஆயிலுக்கென முதற்பக்கமே ஒதுக்கியுள்ளோம். அந்நோட்டின் விலை சில ரூபாய்களே. ஊரில் திண்ணையில் அமர்ந்து நம் வண்டியின் ஓசைக்குக் காத்திருக்கும் பெரியவர்களை நினைந்தேனும், ஒவ்வோர் இல்லத்தாரும் இத்தகைய நோட்டு ஒன்றை இன்றே தொடங்குவாராக.