நோய்க்கோழியைப் பிரியுங்கள், உபரிச் சேவலை விற்றுவிடுங்கள்



போன கோடையில் ஒரு கிராமத்துக்கு நிலக்கடலை வயல் பார்க்கப் போயிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு அம்மா கூப்பிட்டு, வாசலில் கவிழ்ந்து கிடந்த பஞ்சாரத்தைக் காட்டினார்கள். இருபத்தொரு கோழிகளில் மூன்றுதான் மிச்சம். "ஆடிக்கு விப்போம்னு ஆறு சேவலை வச்சிருந்தேங்க, அதுவும் போச்சு" என்றார்கள்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. பங்குனியில் சந்தையில் மலிவாகக் கிடைத்த ஒரு பெட்டையை வாங்கிவந்து, அன்று இரவே மற்ற கோழிகளோடு அடைத்திருக்கிறார்கள். நாலாம் நாள் அது இறக்கையைத் தொங்கப்போட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டது. மஞ்சள் தண்ணீர் புகட்டினார்கள். ஆனால் பஞ்சாரத்தை விட்டுப் பிரிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

இதுதான் வெள்ளைக் கழிச்சல். இமயமலைப் பக்கம் இராணிக்கேத் என்ற ஊரில் 1920-களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் இராணிக்கேத் நோய் என்றும் சொல்வார்கள். இது வைரஸ் கிருமியால் வருவது. வந்த பிறகு தீர்க்கும் மருந்து கிடையாது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் பொடித்துக் கொடுப்பது வீண் செலவு. சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், நான் தடுக்கமாட்டேன். ஆனால் தடுப்பூசி போட்டாச்சு என்கிற தைரியம் அதில் வராது.

அதற்காகச் சோர்ந்து நிற்கிற கோழிக்கெல்லாம் கழிச்சல் என்று பயந்துவிட வேண்டாம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து, கிட்டே போனால் 'கொர்ர்' என்றால், அது அடைக்கு உட்கார்ந்த கோழி! கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் இருந்தால் அம்மை. கொசு கடித்தும் பரவும். கால் செதில் தடித்துச் சுண்ணாம்பு பூசினாற்போல் இருந்தால் பூச்சிச் சொறி. வேப்பெண்ணெய் தடவிவந்தால் குணமாகும். இறகை விலக்கி அடித்தோலையும் பாருங்கள். பேனும் செல்லும் கோழியை வாட்டிவிடும்.

என்ன நோயென்று தெரியாவிட்டாலும் முதல் வேலை ஒன்றுதான். அந்தக் கோழியை உடனே தனியே எடுங்கள். வீட்டுக்கு மறுபக்கம், நிழலாக, நாய் பூனை அண்டாத இடத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள். தீனியைவிடத் தண்ணீர் முக்கியம். நொய்க்கஞ்சியை ஆறவைத்துக் கொடுக்கலாம். வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், புரையேறிச் செத்துவிடும். தினமும் நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகுதான் நோய்க்கோழியிடம் போகவேண்டும். போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, செருப்பையும் கழுவுங்கள். எச்சம் செருப்பில் ஒட்டித்தான் பக்கத்து வீட்டுக்கும் போகிறது.

செத்த கோழியை ஓடையில் வீசக்கூடாது, நாய்க்கும் போடக்கூடாது. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நோய் கண்ட கோழியை அவசரமாக அறுத்துத் தின்பதும், சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளுவதும் வேண்டாம். அந்த அம்மாவுக்கு வந்த நஷ்டமும் யாரோ அப்படித் தள்ளிவிட்ட கோழியால் வந்ததுதான். கோழிகள் கூட்டமாகச் செத்தால் வெறும் கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

இப்போது அந்த ஆறு சேவலுக்கு வருவோம். குஞ்சு பொரித்தால் பாதிக்குப் பாதி சேவலாகத்தான் இருக்கும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். அதற்கு மேல் இருந்தால் என்ன நடக்கும்? ஒன்றையொன்று கொத்திக் கொண்டை கிழியும். பெட்டையை மாறி மாறி மிதித்து முதுகு மொட்டையாகும். புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். வளர்ந்த நாட்டுச் சேவல் நாளுக்கு 80 முதல் 100 கிராம் வரை தின்னும். ஆறு சேவலுக்கு அரைக் கிலோ ஆயிற்று. மேய்ச்சலில் பாதி கிடைத்தாலும் மீதி உங்கள் கம்பும் சோளமும்தானே?

"சேவல் இல்லாட்டி முட்டை வைக்காதுங்களே?" என்று கேட்பீர்கள். தாராளமாக வைக்கும். அடைக்கு உதவாதே தவிர, கோடையில் அந்த முட்டைதான் சீக்கிரம் கெடாது.

ஆகவே ஆறேழு வாரத்தில் கொண்டை சிவந்து தெரிகிறபோதே சேவல்களை எண்ணிவையுங்கள். வளர்த்தியும் சுறுசுறுப்பும் உள்ள ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதை நாலைந்து மாதத்தில், எடை வந்ததும் விற்றுவிடுங்கள். ஆடிக்கு விலை ஏறும், உண்மைதான். ஆனால் வெயில் காலத்தில் கழிச்சல் வந்தால் ஏறிய விலையை வைத்து என்ன செய்வது? பொங்கலுக்கே கொடுத்துவிடுவது மேல். சாமிக்கு நேர்ந்துவிட்டதை விற்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நேர்ந்தது ஒன்றுதானே?

வைத்துக்கொள்ளும் சேவலும் உங்கள் பெட்டைகளின் கூடப்பிறந்ததாக இருந்தால், குஞ்சு வீரியம் குறையும். வெளியூர்ச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். வந்த சேவலை 21 நாள் தனியே கட்டிவையுங்கள். நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பழைய சேவலை முன்பே அனுப்பிவிட்டால், அதன் கருவும் பெட்டைகளிடம் அதற்குள் தீர்ந்துபோகும். பிறகு வைக்கிற அடை முழுக்கப் புதுச் சேவலின் குஞ்சுதான்.

தடுப்பு மருந்தைக் குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடவேண்டும். எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். நோய் கண்ட கோழிக்கு ஊசி போடக்கூடாது. மருந்து சூடுபட்டால் பலிக்காது. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில்தான் கொண்டுவர வேண்டும். ஒரு புட்டி நூறு கோழிக்கு மேல் வரும், கலக்கிய மருந்தை மறுநாளைக்கு வைக்கவும் முடியாது. ஆகையால் தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில், விடியற்காலையில், கோழியைத் திறந்துவிடும் முன் போட்டுவிடுங்கள்.