மதுரையைவிட யாழ்ப்பாணம் கிட்ட

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் வான்வழியாகச் சுமார் 415 கிலோமீட்டர். அதே மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி சுமார் 355 கிலோமீட்டர்தான். சொன்னால் பலரும் லேசில் நம்புவதில்லை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: மதுரை தென்மேற்கே ஒதுங்கியிருக்கிறது, பலாலி சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே கிடக்கிறது.

சென்னை–பலாலி தடத்தில் ஓடுவது ஏடிஆர் 72 என்ற காற்றாடி விமானம். மேலே மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம் போகும். அப்படியானால் முக்கால் மணி நேரத்தில் போய் இறங்கிவிட வேண்டுமே? டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, சில சமயம் ஒன்றரை மணி என்று போட்டிருக்கும். ஏமாற்று இல்லை. விமானக் கம்பெனிகள் கணக்கிடுவது பறக்கும் நேரத்தை மட்டும் அல்ல. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுப்பதில் தொடங்கி, இறங்கிய இடத்தில் மறுபடி கட்டை வைப்பது வரை உள்ள நேரம் அது. மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, இறங்க வளைந்து வருவது எல்லாம் அதில் சேரும். தூரம் குறையக் குறைய இந்தச் சில்லறை நிமிடங்களின் பங்குதான் பெரிதாகிறது.

ஆனால் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே உண்மையான தாமதம் நிமிடக் கணக்கில் இருந்ததில்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தொடங்கிய முதல் சேவையே கொழும்பிலிருந்து பலாலியை அடுத்த காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்த டகோட்டா விமானம்தான். பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் வந்தது. பலாலி ராணுவத் தளமானது. சென்னையிலிருந்து போகிறவர் யாழ்ப்பாணத்தைத் தாண்டி 640 கிலோமீட்டருக்கு மேல் பறந்து கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவில் இறங்க வேண்டியிருந்தது. அங்கிருந்து தரைவழியாகச் சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டியிருந்தது. போர் முடிந்த 2009-க்குப் பிறகும் பத்தாண்டுகள் இதே சுற்றுதான். செத்தவீட்டுக்குப் போகிறவர் ஒரு பகலோ ஓர் இரவோ வழியிலேயே கழிக்க வேண்டியிருந்தது. 355 கிலோமீட்டருக்கு அது கொடுமையான நேரம்.

2019 அக்டோபர் 17-இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. 2020 மார்ச்சில் கொரோனா அதை மூடியது. 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்பி வந்தது; 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் சேர்ந்துகொண்டது.

ஏடிஆரில் பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். இறக்கை விமானத்தின் உச்சியில் இருப்பதால் ஜன்னலில் கீழே பார்ப்பதை அது மறைக்காது. வழியில் பெரும்பாலும் கடல்தான். பலாலி ஓடுபாதை வடகரையை ஒட்டியே இருப்பதால், பனைகளும் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களும் கண்ணில் படும்போதே சக்கரம் தரையைத் தொடப்போகிறது. கடிகாரத்தை மாற்றி வைக்க வேண்டாம்; இரண்டு ஊரிலும் ஒரே நேரம்தான்.